பெயர் சொல்லும் பாட்டும் பெயர் சொல்லாப் பாட்டும்

இரு புலவர்களை அருகருகே வைத்துப் பார்ப்பது தமிழ் படித்தவர்க்குப் பழகிய வேலை. கபிலரையும் பரணரையும் ஒரே மூச்சில் சொல்லாத தமிழாசிரியர் இல்லை. கம்பரையும் வான்மீகியையும் நிறுத்தி வைத்துப் பட்டிமன்றம் நடத்தி இரவைக் கழித்தவர்கள் நாம். ஒப்பிடுவதன் பயன் ஒருவரை ஏற்றி மற்றவரை இறக்குவதன்று. ஒருவரைத் தனியே பார்க்கும்போது கண்ணில் படாத இயல்பு, இன்னொருவர் பக்கத்தில் வந்து நின்றவுடன் துலங்கிவிடுகிறது. அதுவே ஒப்புமையின் பயன்.

இக்கட்டுரையில் நான் ஒப்பிட எடுத்துக்கொண்ட இருவரும் தமிழ்ப் புலவர் அல்லர். கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒருவர் மலாய் மொழியிலும் மற்றவர் அதன் உடன்பிறப்பாகிய இந்தோனேசிய மொழியிலும் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடியவர்கள். ஒருவர் எம். நாசிர், மற்றவர் இவான் ஃபால்ஸ். தமிழ் எழுத்தாளர் தொகுப்பில் இவர்களுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். நாற்பதாண்டுகளாக இவர்கள் பாடல்களைக் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்குந்தோறும் நம் தொல்காப்பியர் வகுத்த ஒரு விதி என் நினைவுக்கு வருகிறது. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியருக்கு இயற்பெயர் சுட்டலாகாது என்பது அவ்விதி. பெயர் சொன்னால் பாட்டு அகத்திலிருந்து விலகிப் புறத்துக்குப் போய்விடும். நெடுநல்வாடையில் அரசன் பெயர்கூட இல்லை. வேப்பந்தழை சூட்டிய வேல் ஒன்றுதான் வருகிறது. அந்த ஓர் அடையாளம் பாண்டியனைக் குறிப்பதால் அது புறப்பாட்டு என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். பெயர் என்பது ஒரு பாட்டின் போக்கையே மாற்றும் வலிமை உடையது என்பதை நம் முன்னோர் அவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர். அந்த வலிமையை இவ்விரு கித்தார்க் கலைஞர்களிடம் காணலாம் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் இவர்கள் பாடும் வகையைப் பற்றிச் சில சொற்கள். மேலைநாட்டில் உழவரும் சுரங்கத் தொழிலாளரும் பாடிவந்த நாட்டுப்புற மெட்டுகளை, மின்கித்தாரும் முரசும் சேர்ந்த ராக் இசையோடு இணைத்தபோது நாட்டுப்புற ராக் என்னும் வகை தோன்றியது. 1965ஆம் ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கித்தாரோடு மேடையேறியபோது ஒரு பகுதியினர் கூச்சலிட்டதும், அதே டிலனுக்கு 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. பாட்டு இலக்கியமாகுமா என்று அப்போது உலகெங்கும் வாதம் நடந்தது. பாணர் மரபை அறிந்த தமிழருக்கு அந்த வாதம் வியப்பளித்திருக்கும். யாழைத் தழுவிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் நம் பாணர்கள். யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமை சொல்லி வருணிக்கும் பொருநராற்றுப்படையைப் படித்தவர், ஓர் இளைஞன் தன் கித்தாரை உறையிலிருந்து எடுக்கும் பரிவைக் கண்டால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

எம். நாசிர் 1957ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவர். அங்குள்ள நன்யாங் கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றவர். ஏ. அலி, எஸ். சாஹ்லான் ஆகிய இருவரோடு சேர்ந்து ‘கெம்பாரா’ என்னும் குழுவில் பாடத் தொடங்கினார். கெம்பாரா என்ற மலாய்ச் சொல்லுக்கு ஊர் சுற்றுதல் என்பது பொருள். ஆற்றுப்படுத்தப்படும் பாணனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. 1981ஆம் ஆண்டு முதல் அக்குழுவின் இசைத்தட்டுகள் வெளிவந்தன. பின்னர் அவர் கோலாலம்பூரைத் தம் களமாக்கிக்கொண்டு தனியாகப் பாடினார், ராக் குழுக்கள் பலவற்றுக்கு இசை அமைத்தார், திரைப்படங்களில் நடித்தார். 2004இல் வெளிவந்த ‘புத்ரி குனோங் லேடாங்’ படத்தில் ஹங் துவாவாக வந்தவர் அவரே.

இவான் ஃபால்ஸ் 1961ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் பிறந்தவர். இயற்பெயர் விர்கியாவான் லிஸ்தாந்தோ. பண்டுங் நகரில் சிறுவனாக இருந்தபோதே தெருவில் நின்று கித்தார் வாசித்துக் காசு பெற்றவர். 1981ஆம் ஆண்டு ‘சர்ஜானா மூடா’ என்னும் தொகுப்பால் நாடறிந்தார். இளம் பட்டதாரி என்பது அத்தலைப்பின் பொருள். அதிபர் சுகார்த்தோ ஆட்சி செய்த காலம் அது. 1984இல் சுமத்ராவின் பெக்கான்பாரு நகரில் பாடிய பாடல்களுக்காக அவர் இரண்டு வார காலம் அதிகாரிகளின் விசாரணைக்கு உள்ளானார். 1989இல் பல நகரங்களுக்குத் திட்டமிட்டிருந்த அவருடைய இசைப்பயணம் தடைப்பட்டது. 2002இல் ‘டைம்’ வார இதழ் அவரை ஆசியாவின் நாயகர்களுள் ஒருவராகக் குறிப்பிட்டது.

ஷா ஆலமில் வாழும் தமிழாசிரியன் ஒருவனுக்கு இவர்கள் எப்படி அறிமுகமாயினர் என்பதையும் சொல்லவேண்டும். 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபின், சிலாங்கூருக்கு ஒரு புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1978இல் ஷா ஆலம் மாநிலத் தலைநகராயிற்று. அதற்கு முன் இந்நிலம் சுங்கை ரெங்கம் என்று அறியப்பட்ட தோட்டக்காடு. பால்மரமும் செம்பனையும் நின்ற மண். மரங்கள் சாய்ந்து வீடுகள் எழுந்த ஆண்டுகளில், கட்டுமான வேலைக்கு இந்தோனேசியத் தொழிலாளர்கள் பலர் வந்தனர். மாலையில் சிமெண்டு மூட்டைகளின்மேல் அமர்ந்து, நரம்பு ஒன்றிரண்டு அறுந்த பழங்கித்தாரில் அவர்கள் பாடியவை பெரும்பாலும் இவான் ஃபால்ஸின் பாடல்கள். நாசிரின் பாடல்கள் வானொலியிலும், கிள்ளான் கடைத்தெருவில் விற்ற ஒலிநாடாக்களிலும் ஒலித்தன. ஒருவரை வீட்டுக்குள் கேட்டேன். மற்றவரைத் தெருவில் கேட்டேன். அகமும் புறமும் எனக்கு அவ்வாறே வாய்த்தன.

இவான் ஃபால்ஸின் முதற்பண்பு பெயர் சொல்லுதல். ‘ஊமார் பக்ரி’ என்னும் அவருடைய புகழ்பெற்ற பாடல், 1981ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. ஊமார் பக்ரி ஓர் ஆசிரியர். பழைய மிதிவண்டியில் தோல்பை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறவர். நாற்பதாண்டு உழைத்தவர். அவரிடம் படித்தவர் அமைச்சராகின்றனர். அவருடைய சம்பளமோ கைக்கும் வாய்க்கும் எட்டுவதில்லை. பாடலில் கண்ணீர் இல்லை. துள்ளலான மெட்டும் நகைச்சுவையும் உண்டு. பள்ளி வாயிலில் கலகம் மூள, நம் ஆசிரியர் மிதிவண்டியை மிதித்துத் தப்பியோடும் காட்சியும் உண்டு. கேட்பவர் சிரிக்கின்றனர், சிரித்து முடித்தபின் தம் பழைய ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்கின்றனர். ‘ஆசிரியர் சமுதாயத்தின் ஏணி’ என்று ஆண்டுதோறும் ஆசிரியர் தின மேடைகளில் நாம் கேட்கும் சொற்றொடர் செய்யாத வேலையை, ஒரு மிதிவண்டியும் ஒரு தோல்பையும் ஒரு பெயரும் செய்துவிடுகின்றன.

அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னொரு பாடலுக்கு அவர் தம் மகன் பெயரையே தலைப்பாக்கினார். ‘காலாங் ரம்பு அனார்க்கி’ என்னும் அக்குழந்தை 1982ஆம் ஆண்டு பிறந்த வேளையில் எரிபொருள் விலை ஏறியது. விலை ஏறினால் பாலின் விலையும் ஏறும். வாங்க இயலுமோ என்று தந்தை அஞ்சுகிறான். அரசின் விலைக்கொள்கையைப் பற்றிய பாட்டு அது என்றால் அப்படியே. பிறந்த பிள்ளைக்குப் பாடிய தாலாட்டு என்றால் அதுவும் சரி. இங்கே புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் பாடியதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்த்த குழந்தை தாயின் முகத்தை நோக்கி அழுகிறது. வறுமை என்னும் சொல்லைவிட அந்தக் காளானே வறுமையைச் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இரு பாடகர்களும் பாலைக் கொண்டே பஞ்சத்தை அளந்திருக்கின்றனர். அந்த மகன் 1997இல் இளம் வயதிலேயே மறைந்தான் என்பதை அறிந்தபின் அப்பாடலைக் கேட்பவர்க்கு, அவர் அச்சத்தின்மீது வேறொரு நிழலும் படிகிறது.

பெயர் சொல்லும் பாட்டு பழிக்கவும் வல்லது. 1989இல் ‘சுவாமி’ என்னும் குழுவோடு சேர்ந்து அவர் பாடிய ‘பெந்தோ’ ஒரு பணக்காரனின் தற்பெருமை. மாளிகையும் வண்டியும் எனக்குண்டு, கேள்வி கேட்க எவருமில்லை என்று அவனே தன் வாயால் சொல்லிக்கொள்கிறான். பாடகர் அவனைத் திட்டவே இல்லை. பெயர் ஒன்றைச் சூட்டிப் பேசவிட்டார்; அவனைக் கண்டவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருந்ததால் பாட்டு மக்கள் வாயில் தங்கியது.

இனி எம். நாசிரிடம் வருவோம். கெம்பாராக் காலத்தில் அவரும் தெருவைப் பாடியவரே. மீனவன் ஒருவனின் கனவைப் பாடினார்கள். பணத்தைப் பற்றிப் பாடினார்கள். தெருக்கலைஞனைப் பற்றி ஒரு திரைப்படமே 1986இல் வந்தது. ஆயினும் அந்த மீனவனுக்குப் பெயரில்லை. அவன் எந்தக் குப்பத்தைச் சேர்ந்தவன் என்பது பாடலுக்குத் தேவைப்படவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் பாடல்கள் உள்நோக்கித் திரும்பின. 1994ஆம் ஆண்டுக்கான சிறந்த பாடல் என்னும் ‘ஜுவாரா லாகு’ விருதைப் பெற்ற ‘தாஞ்ஞா சாமா இத்து ஹுட் ஹுட்’ அதற்குச் சான்று. ஹுட் ஹுட் என்பது நாம் கொண்டலாத்தி என்று அழைக்கும் கொண்டைப் பறவை. சுலைமான் நபிக்குச் செய்தி கொண்டுவந்த பறவையாகத் திருக்குர்ஆன் அதைக் கூறும். பாரசீகக் கவிஞர் அத்தாரின் நூலிலோ, தம் அரசனைத் தேடிப் புறப்படும் பறவைகளுக்கு அதுவே வழிகாட்டி. நாசிரின் பாடலில் வாயில்கள் பல, வழிகள் பல. சென்றுசேரும் வழி எது என்பது கேள்வி. அதை அந்தப் பறவையிடம் கேள் என்று சொல்லி அவர் விலகிவிடுகிறார்.

பறவையை முன்னிறுத்தும் பாட்டு தமிழருக்குப் புதிதன்று. கிளியும் அன்னமும் குயிலும் நாரையும் நமக்காகத் தூது போயிருக்கின்றன. தூதுப்பாட்டில் பறவையிடம் சொல்லும் சொல் பறவைக்குரியதன்று என்பதை மாணவர் அறிவர். பறவை ஒரு சாக்கு. சொல்ல இயலாததைச் சொல்ல ஒரு வழி. நாசிர் பெயர் சொல்லாதது அச்சத்தாலன்று. அவர் கேட்கும் கேள்விக்கு உரியவன் ஓர் ஊர்க்காரன் அல்லன். கேட்கும் ஒவ்வொருவனும் அதற்கு உரியவன். ஆகவே பெயரை நீக்கி இடத்தைக் காலியாக வைக்கிறார். கேட்பவன் உள்ளே வந்து அமர்ந்துகொள்கிறான். அகப்பாட்டில் தலைவி என்னும் சொல் செய்வதும் அதுவே.

இருவர்க்கும் ரயில் பாட்டு ஒன்று உண்டு. வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க அவ்விரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். கெம்பாராவின் தொடக்ககாலப் பாடல்களுள் ஒன்று ‘எக்ஸ்பிரஸ் ராக்யாட்’. மக்கள் விரைவு ரயில் என்னும் அப்பெயரில் ஒரு வண்டி அந்நாளில் சிங்கப்பூருக்கும் தீபகற்பத்துக்கும் இடையே ஓடியது. தலைநகரை நோக்கி வரும் ஓர் எளியவனின் எதிர்பார்ப்பே பாட்டு. பாடலில் ரயிலுக்குப் பெயருண்டு, பயணிக்குப் பெயரில்லை. இவான் ஃபால்ஸின் பாடலோ ‘1910’ என்னும் எண்ணைத் தலைப்பாகக் கொண்டது. அது ஆண்டன்று; அக்டோபர் 19 என்னும் நாள். 1987ஆம் ஆண்டு அந்நாளில் ஜகார்த்தாவை அடுத்த பிந்தாரோவில் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே அந்த நாள் ஒரு பாட்டின் தலைப்பாயிற்று. நாட்காட்டியில் ஆண்டுதோறும் அந்நாள் வரும். வரும்போதெல்லாம் பாட்டும் வரும். நடுகல்லில் பெயரும் பீடும் எழுதி வைத்த நம் மரபுக்கு இது நெருங்கிய உறவு.

இரண்டையும் இன்று கேட்டால் என்ன நிகழ்கிறது? எக்ஸ்பிரஸ் ராக்யாட் என்னும் வண்டி இப்போது ஓடவில்லை. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் 2011ஆம் ஆண்டோடு ரயில் நின்றுவிட்டது. எனினும் பிழைப்புத் தேடித் தலைநகர் வருபவன் இன்றும் வருகிறான். விமானத்தில் வரும் வங்காளதேசத்து இளைஞனுக்கும் அப்பாட்டு பொருந்தும். பெயர் சொல்லாப் பாட்டு காலத்தைக் கடந்து செல்கிறது. 1910 என்னும் பாட்டு எங்கும் செல்வதில்லை. பிந்தாரோவில் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. நிற்பதே அதன் கடமை. ஒன்று எல்லாருக்கும் துணை. மற்றொன்று சிலருக்குச் சாட்சி.

குறைகளும் இவ்விரு வழிக்கும் உண்டு. பெயர் சொல்லும் பாட்டு சில ஆண்டுகளில் விளக்கவுரை கேட்கும். 1982இன் எண்ணெய் விலையை இன்றைய மாணவனுக்கு யாராவது சொல்லவேண்டும். பெயர் சொல்லாப் பாட்டுக்கு வேறொரு ஆபத்து. குறிப்புப் பொருள் ஆழ்ந்து போகப் போக, கேட்பவன் மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடக்கூடும். மொழிநடையிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. இவான் ஃபால்ஸ் ஜகார்த்தாத் தெருவின் பேச்சைப் பாட்டில் ஏற்றுகிறார். நாசிர் பழைய மலாய் இலக்கியத்தின் சொற்களையும் புதிர்களையும் மீட்டெடுக்கிறார். நம் இலக்கியத்தில் பேச்சுத் தமிழா, செந்தமிழா என்று நாம் நடத்தும் வழக்குக்கு இவர்கள் இருவரும் தம் பாட்டாலேயே விடை கூறுகின்றனர். யாரைப் பற்றிப் பாடுகிறோமோ அதற்கேற்ற மொழி என்பதே அவ்விடை.

இதுவரை சொன்னவை ஒரு வாசகன் ஓய்வாக அமர்ந்து செய்யும் ஆராய்ச்சி. இந்தக் கேள்வி என் குடும்பத்துக்குள்ளேயே வந்து நிற்கும் என்று நான் எண்ணியதில்லை.

என் தம்பி மகன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான்; மாலை வேளைகளில் கித்தார் வாசித்துத் தமிழில் பாட்டெழுதுவான். என் தாயார் காலமான மறு ஆண்டு, அவர் நினைவு நாளுக்கு உறவினர் கூடும்போது பாடுவதற்காக ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தான். “பெரியப்பா, அப்பாயியைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், கேளுங்கள்” என்றான். கேட்டேன். மெட்டு நன்றாக அமைந்திருந்தது. பாட்டில் தாய்க்குலம் இருந்தது. வியர்வை முத்துகள் இருந்தன. உழைக்கும் வர்க்கம் இருந்தது. இறுதியில் விடியலும் வந்தது. என் தாயார் மட்டும் அதில் இல்லை.

என் தாயார் முப்பது ஆண்டுக்குமேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போவார். எங்களை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குள் நுழைவார். உளியும் வாளியும் காண்டாவும் மங்கும் அவர் உடலின் உறுப்புகள்போல. அட்டை கடித்த கால்களில் மாலையில் சுண்ணாம்பு தடவுவார். அந்தத் தோட்டம் பின்னர் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். நான்காம் மாடியில் வாழ்ந்த கடைசிக் காலத்திலும் அவர் நான்கு மணிக்கே விழித்துக்கொள்வார், போவதற்கு ஓரிடமில்லை.

“தம்பி, அப்பாயி எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். தெரியும் என்றான். காலில் சுண்ணாம்பு தடவியதும் அவன் நினைவில் இருந்தது. “அதைப் பாட்டில் வைத்தால் என்ன?” என்றேன். அவன் தயங்கினான். “அதெல்லாம் வைத்தால் நம் வீட்டுப் பாட்டாகிவிடாதா, பெரியப்பா? மற்றவர்கள் எப்படித் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்வார்கள்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஊமார் பக்ரியையும் ஹுட் ஹுட் பறவையையும் பற்றி அன்று அவனோடு நெடுநேரம் பேசினேன்.

ஒரு வாரத்தில் அவன் பாட்டை மாற்றி எழுதினான். இப்போது என் தாயாரின் பெயர், தோட்டத்தின் பெயர், அவர் வேலை செய்த நிரை, வீட்டில் அரிசி இல்லாத நாளில் அவர் பக்கத்து வீட்டில் கேட்ட படி அரிசி யாவும் பாட்டில் வந்துவிட்டன. கேட்டபோது என் நெஞ்சு கனத்தது. என் தம்பியோ எழுந்து வெளியே போய்விட்டான். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, “அண்ணே, அம்மா கடன் கேட்டதை யாருக்கும் தெரியாமல் மறைத்தே வாழ்ந்தார்கள். அவர்கள் மூடி வைத்ததை நாம் பெயர் சொல்லிப் பாடலாமா?” என்றான். அதுவும் நியாயமே. பெயர் சொல்லுதல் ஒரு துணிவு என்று மேடையில் பேசுவது எளிது. பெயருக்கு உரியவர் பேச இயலாத நிலையில் இருக்கும்போது, அத்துணிவு யாருடையது என்னும் கேள்வி எழுகிறது. குமணனிடம் தன் வீட்டு அடுப்பைப் பாடியவர் அந்த வீட்டுக்குரிய புலவர். நாங்கள் பாட நினைத்ததோ எங்களுக்காகப் பட்டினி கிடந்தவரின் அடுப்பை.

அப்போது எனக்கு இவ்விரு பாடகர்களின் வேறிரண்டு பாடல்கள் நினைவுக்கு வந்தன. இவான் ஃபால்ஸ் தம் தாய்க்காகப் பாடிய பாடல் ‘இபு’. பிள்ளைக்காக நெடுந்தொலைவு நடந்து புண்ணான பாதங்களே அதன் பொருள். ஆசிரியருக்கும் பணக்காரனுக்கும் பிறந்த பிள்ளைக்கும் பெயர் சொன்ன அந்தப் பாடகர், பெற்றவளுக்குப் பெயர் சொல்லவில்லை. இபு, அதாவது அம்மா என்றே அழைத்தார். எம். நாசிருக்கும் ஒரு தாய்ப்பாட்டு உண்டு. அதன் தலைப்பு ‘போண்டா’. அன்னை என்பதுபோல மலாய் மொழியில் உயர்ந்த வழக்கில் வரும் சொல் அது. ஒருவர் வீட்டுச் சொல்லால் அழைத்தார்; மற்றவர் ஏட்டுச் சொல்லால் அழைத்தார். எதிரெதிர்த் திசையில் நடந்த இருவரும் தாயின் வாயிலில் மட்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர். அந்த இடம் உறவுப்பெயர்.

உறவுப்பெயரின் இயல்பு விந்தையானது. அது இயற்பெயர்போல ஒருவரைத் திட்டமாகச் சுட்டும். என் அப்பாயி என்றால் உலகில் ஒருவர்தாம். அகப்பாட்டின் தலைவி போல எல்லாருக்கும் பொதுவாகவும் நிற்கும். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அப்பாயி உண்டு. நம் நாட்டுப்புறப் பெண்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். ஒப்பாரியைக் கேட்டுப் பாருங்கள். இறந்தவரின் பெயரைக் கூறி அழும் பெண் அரிது. பெற்றவளே என்றும், கூடப் பிறந்தவனே என்றும் அழைத்தே அழுவாள். ஊரார் அனைவரும் தத்தம் இழப்பை நினைத்து உடன் அழுவர். அகத்துக்கும் புறத்துக்கும் நடுவே ஒரு திண்ணை அது.

தம்பி மகனிடம் இதைச் சொன்னேன். அவன் பாட்டு மூன்றாம் முறை மாறியது. என் தாயாரின் பெயர் போயிற்று. கடன் கேட்ட அரிசியும் போயிற்று. நெற்றி விளக்கு, பெரட்டு, சுண்ணாம்பு தடவிய கால், நான்காம் மாடியில் நான்கு மணி விழிப்பு ஆகியவை இருந்தன. ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் அப்பாயி என்னும் அழைப்பு இருந்தது. நினைவு நாளில் அவன் அதைப் பாடியபோது என் தம்பி எழுந்து போகவில்லை. உறவல்லாத அண்டை வீட்டு முதியவர் ஒருவர், தம் தாய் செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்கியதைப் பிறகு என்னிடம் நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எப்படித் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்று தம்பி மகன் கேட்ட கேள்விக்கு அவர் விடையாக அமர்ந்திருந்தார்.

ஆசிரிய நண்பர்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. நம் மாணவர்களின் கட்டுரைகளிலும் கவிதைகளிலும் மிகுதியாகக் காணப்படுவது பெயருமற்ற, குறிப்புமற்ற பொதுச்சொல். தாய்க்குலம், தமிழினம், பாட்டாளி, விடியல் என்பன போன்ற சொற்கள் தீயவை அல்ல. எனினும் அவை ஊமார் பக்ரியைப்போல ஒருவரை நம் கண்முன் நிறுத்துவதில்லை; ஹுட் ஹுட் பறவையைப்போல நம்மை உள்ளே அழைப்பதும் இல்லை. புறமும் ஆகாது, அகமும் ஆகாது, இடையில் தொங்குகின்றன. எதுகை மோனையைத் திருத்துவதோடு நம் சிவப்பு மை நின்றுவிடாமல், யாரைப் பாடுகிறாய், அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறாயா, குறிப்பால் அழைக்கிறாயா, உறவு சொல்லி அழைக்கிறாயா என்றும் மாணவரைக் கேட்கவேண்டும். மூன்றும் தமிழில் நெடிய மரபுடையவை. மூன்றுக்கும் வெவ்வேறு கடமை உண்டு.

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்டபோது, பறவையைக் குறிப்பாக வைத்தார். தம் ஊரைப் பெயராகச் சொன்னார். மனைவியை உறவாக அழைத்தார். மதுரைத் தெருவில் குளிரில் நடுங்கிய ஓர் ஏழைப் புலவருக்கு மூன்றும் கைகொடுத்தன. மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் பாடிய இருவரைக் கேட்டுவிட்டு அப்பாட்டை மீண்டும் படித்தபோது, அது எனக்கு முன்னிலும் அண்மையில் தெரிந்தது. அண்டை வீட்டாரின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்பவர்க்குத் தம் வீட்டுப் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்கும். தோட்டங்கள் மறைந்த இம்மண்ணில் பாடப்படாத அப்பாயிகள் இன்னும் பலர் இருக்கின்றனர். அவர்களை எப்படி அழைப்பது என்பதை நம் மாணவர்கள் முடிவு செய்யட்டும்; அழைக்கும் சொல் பொதுச்சொல்லாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடன்.